கைகாட்டியும் கணக்கேடும்

ஓரிடத்தில் குவிந்து கிடக்கும் பொருள் மற்றோரிடத்தில் கிடைத்தற்கு அரிதாய் இருத்தல் உலகத்து இயல்பு. சுரங்கத்தின் வாயிலில் குன்றுபோல் கிடக்கும் நிலக்கரியால் அங்கு வாழ்வார்க்குப் பயன் சிறிது. அதுவே தொலைவிலுள்ள மின்னாக்க நிலையத்தை அடையுமாயின் பல ஊர்களுக்கு விளக்காகின்றது. கரியின் தன்மை மாறிற்றில்லை. அது கிடக்கும் இடம் ஒன்றே மாறிற்று. இவ்விடமாற்றத்தால் விளையும் பயனையே பொருளாகக் கொண்டு நடப்பது போக்குவரத்து வாணிகம். வண்டி உடையவன் எதனையும் உழுது விளைவிப்பதில்லை. ஆலை வைத்து ஆக்குவதுமில்லை. ஆயினும் அவன் இல்லையேல் விளைந்ததும் ஆக்கியதும் கிடந்த இடத்திலேயே வீணாகும்.

இவ்வாணிகம் எவ்வாறு தொடங்குகின்றது, எதனால் வளர்கின்றது, எங்கே இடறுகின்றது என்பனவற்றை ஒருவர் தம் வீட்டில் அமர்ந்தவாறே பழகிக் காணும்படி அமைந்தது, ‘டிரான்ஸ்போர்ட் டைகூன்’ என்னும் கணிப்பொறி விளையாட்டு. போக்குவரத்துப் பெருவணிகன் என்பது அப்பெயரின் பொருள். மைக்ரோபுரோஸ் என்னும் நிறுவனம் இதனை 1994-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆக்கியவர் ஸ்காட்லாந்து நாட்டினராகிய கிறிஸ் சாயர் என்பார். பிறர் வேறு வகைப் பொறிகளுக்கென எழுதிய விளையாட்டுகளைத் தனியாள் கணிப்பொறியில் இயங்கும்படி மாற்றித் தருதலே அவருடைய முந்தைய தொழில். அமெரிக்கராகிய சிட் மையர் 1990-ஆம் ஆண்டில் ஆக்கிய இருப்புப்பாதை விளையாட்டு ஒன்றில் சாயர் பெரிதும் ஈடுபாடு கொண்டிருந்தார். அவ்வீடுபாடே தாமும் ஒன்று புனைய வேண்டும் என்னும் எண்ணத்திற்கு வித்தாயிற்று. சித்திரங்களைச் சைமன் ஃபாஸ்டரும் இசையை ஜான் புரூம்ஹாலும் அமைத்தனர். நிரல் எழுதும் பணியைச் சாயர் தாமே மேற்கொண்டார். அந்நிரலிற் பெரும்பகுதியை அவர் அசெம்பிளி என்னும் மொழியில் எழுதினார். அஃது எழுதுவோர்க்குத் தொல்லை மிக்கது. பொறிக்கோ மிக அணுக்கமானது. அந்நாளைய சிறு கணிப்பொறியில் பல வண்டிகள் ஒருங்கே தடையின்றி ஓடியமைக்கு இவ்வுழைப்பே காரணம்.

திரையில் தோன்றுவது, மேலிருந்து சற்றே சாய்வாக நோக்கினாற் போன்ற ஒரு நிலப்பரப்பு. நீளத்தில் 256, அகலத்தில் 256 எனச் சதுரக் கட்டங்களாக வகுக்கப்பட்டது அந்நிலம். அதில் கடலும் ஏரியும் குன்றும் சமவெளியும் உண்டு. இடையிடையே சிற்றூர்களும் பேரூர்களும் அமைந்திருக்கும். நிலக்கரிச் சுரங்கம், இரும்புக்கல் சுரங்கம், காடு, பண்ணை, எண்ணெய்க் கிணறு என்பன ஒருபுறம். அவை தரும் பொருளை ஏற்கும் மின்னாக்க நிலையம், எஃகாலை, மரம் அறுக்கும் ஆலை, எண்ணெய் தூய்மை செய்யும் ஆலை என்பன மற்றொருபுறம். இவை தத்தம் போக்கில் இயங்கிக்கொண்டிருக்கும். இவற்றை இணைக்கும் வழி மட்டும் இராது. அவ்வழியை அமைப்பதே ஆடுவோன் தொழில். புகைவண்டி, பேருந்து, சரக்குந்து, கப்பல், வானூர்தி ஆகிய ஐந்தும் அவனுக்குக் கருவிகள்.

முதலில் அவன் கையில் சொந்தப் பணம் ஏதும் இல்லை. இருப்பது கடனாகப் பெற்ற பணமே. அதற்கு வட்டி உண்டு. கையிருப்புத் தீர்ந்து, தொடர்ந்து பல காலாண்டுகள் நிறுவனம் நட்டத்திலேயே நிற்குமாயின் அது முறிந்துபோம். ஆட்டமும் அத்துடன் முடியும். களத்தில் போட்டி நிறுவனங்களும் உண்டு. அவற்றைக் கணிப்பொறியே நடத்தும். ஆகவே முதற்பாதை எதுவென்று தேர்தலில் பிழைபடுதல் ஆகாது.

புதிதாய் ஆடப் புகுவோர் பலரும் அருகருகே உள்ள இரண்டு ஊர்களைத் தெரிந்து, அவற்றிடையே ஒரு பேருந்தை விடுவர். செலவு குறைவு என்பது அவர்கள் எண்ணம். வண்டியும் தவறாமல் ஓடும். மக்களும் ஏறி இறங்குவர். ஆண்டின் முடிவில் கணக்கைப் புரட்டினால் வருவாய் வண்டியின் பராமரிப்புக்கே போதாமல் நிற்கும். இதன் காரணத்தை அறிதற்கு ஊதியம் கணக்கிடப்படும் முறையை அறிதல் வேண்டும்.

ஊதியம் மூன்றனால் அமைவது: ஏற்றிய அளவு, கடந்த தொலைவு, சென்றடைய எடுத்த காலம். இவற்றுள் தொலைவு என்பது வண்டி ஓடிய பாதையின் நீளமன்று. ஏற்றிய நிலையத்திற்கும் இறக்கிய நிலையத்திற்கும் இடையே நெடுக்கில் எத்தனை கட்டம், குறுக்கில் எத்தனை கட்டம் என எண்ணிக் கூட்டியதே தொலைவாகும். மலையைச் சுற்றி வளைத்துச் சென்றால் கூலி மிகும் என்று கருதுவோன் ஏமாறுவான். வளைவினால் காலம் நீளுமேயன்றிக் கூலி நீளாது. காலம் நீளக் கூலி குறையும். மலையைக் குடைந்து சுரங்கவழி அமைத்தால் செலவு மிகும். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் நாட்கள் மிச்சமாகும். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தே பாதை வகுத்தல் வேண்டும். அண்டையூர்ப் பேருந்து நட்டப்பட்டமைக்குக் காரணம் இப்பொழுது விளங்கும். ஒரு சில கட்டங்களைக் கடப்பதற்குக் கிடைக்கும் கூலி சிறிது. ஏற்றவும் இறக்கவும் நிற்கும் நேரமோ நெடும்பயணத்திற்கும் குறும்பயணத்திற்கும் ஒன்றே.

காலத்தின் ஆட்சியும் எல்லாப் பொருளுக்கும் ஒரு தன்மைத்தன்று. நிலக்கரி ஏறத்தாழ 17 நாட்கள் வரை வழியில் இருப்பினும் கூலி குறைவதில்லை; அதன் பின்னரும் சிறிது சிறிதாகவே குறையும். அஞ்சல் 50 நாட்கள் வரை பொறுக்கும். கால்நடைகளுக்கு 10 நாட்களே எல்லை. அது கடப்பின் கூலி விரைந்து தேயும். பயணிகளோ சிறிதும் பொறார். அவர்களுக்குரிய கூலி புறப்பட்டது தொடங்கியே குறைந்து வரும். எவ்வளவு தாழ்ந்தாலும் முழுக்கூலியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு எஞ்சும் என்பது இவ்விளையாட்டின் விதி. எனவே விரைவு குறைந்த நீராவி எஞ்சினை வைத்துக்கொண்டு தொழில் தொடங்குவோனுக்கு நிலக்கரியே ஏற்ற சரக்கு. சுரங்கத்திலிருந்து தொலைவிலுள்ள மின்னாக்க நிலையத்திற்கு இருப்புப்பாதை இட்டவன் கடன் அடைவதற்கு வழி கண்டவனாவான்.

ஈண்டு ஒன்று கூறுதல் தகும். இவ்விளையாட்டில் ஒரு நாள் என்பது மெய்யாகக் கழிவது ஏறத்தாழ இரண்டு நொடிகளே. ஆதலின் நாட்காட்டிக்கும் நிலத்திற்கும் பொருத்தம் இராது. அடுத்த ஊருக்குச் செல்லும் வண்டி சென்று சேர ஒரு மாதம் ஆதலும் உண்டு. நூறாண்டுக் கால வளர்ச்சியை ஒருவர் சில நாட்களில் ஆடித் தீர்த்தற்பொருட்டு வகுத்த ஏற்பாடு இது. இதனைக் குறையெனக் கொள்வாரும் உளர். ஆயினும் நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வருதலும், அது போய் மின்வண்டி வருதலும் ஒருவர் கண்முன்னே நிகழ்வதற்கு வேறு வழியில்லை.

பாதை இட்டு நிலையம் அமைத்தவுடனே சரக்கு வந்து குவியாது. முதல் வண்டி வந்து நின்ற பின்னரே சுரங்கத்தார் கரியை அனுப்பத் தொடங்குவர். அவர்கள் தாம் தோண்டியது முழுவதையும் அனுப்பிவிடுவதும் இல்லை. அந்நிலையத்தின் பணி எவ்வளவு செம்மையானது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என ஒரு மதிப்பு உண்டு. அம்மதிப்புக்கு ஏற்ற பங்கே நிலையத்தை வந்தடையும். கடைசியாக வண்டி வந்து சென்று நாள் பலவாயினால் மதிப்புக் குறையும். சரக்கு மிகுதியாய்த் தேங்கிக் கிடந்தாலும் குறையும். விரைந்து செல்லும் வண்டியாலும் புதிய வண்டியாலும் கூடும். ஊர் நடுவே நிறுவனத் தலைவனுக்குச் சிலை எடுத்தாலும் கூடும் என்று ஆக்கியோர் விதித்திருப்பது அவர்தம் நகைச்சுவை போலும்!

இதனாலேயே தேர்ந்தவர்கள், ‘முழுச்சுமை ஏறும்வரை நில்’ என்று வண்டிக்குக் கட்டளை இடுவர். ஒரு வண்டி எந்நேரமும் நிலையத்தில் நின்று ஏற்றிக்கொண்டிருக்குமாயின் மதிப்புக் குன்றாது. அரைச்சுமையுடன் ஓடி எரிபொருளை வீணாக்குதலும் நேராது. நன்கு ஏற்றிச் செல்லப்படும் சுரங்கத்தின் விளைவு பெருகவும் வாய்ப்பு மிகுதி. விளைவு பெருகியதும் இரண்டாவது வண்டி வேண்டப்படும், பின்னர் ஐந்தாவது, பின்னர்ப் பத்தாவது. இங்கேதான் வாணிகம் இடறத் தொடங்குகின்றது.

ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு வண்டி போய் வருதலில் சிக்கல் இல்லை. இரண்டாவதை வாங்கி விட்டால், அது பணிமனையை விட்டே புறப்படாது. ஏனெனின், கைகாட்டி இல்லாத பாதை எவ்வளவு நீளமாயினும் ஒரே பகுதியாகக் கொள்ளப்படும். ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்போது மற்றொன்று அதனுள் நுழைதல் கூடாது. பாதையின் இடையிடையே கைகாட்டி நட்டால் அது பல பகுதிகளாகப் பிரியும். முன்னே செல்லும் வண்டி ஒரு பகுதியைக் கடந்ததும் அப்பகுதியின் தலைப்பிலுள்ள கைகாட்டி பச்சை காட்டும். பின்னே வரும் வண்டி நுழையும். அது வரையில் சிவப்பே நிற்கும்.

இவ்விதி விளையாட்டுக்கெனப் புனைந்த ஒன்றன்று. பிரித்தானிய இருப்புப்பாதைகளில் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் பல பாதைகளில் கால இடைவெளி முறை வழங்கிற்று. ஒரு வண்டி புறப்பட்டு இத்தனை நிமிடம் கழிந்தால் அடுத்ததை விடலாம் என்பது அம்முறை. முன் சென்ற வண்டி அதற்குள் எவ்வளவு தொலைவு போயிற்று என்பதை எவரும் அறியார்; போயிருக்கும் என்று கொள்வதே வழக்கம். ஒரு பகுதியில் ஒரு வண்டியே இருத்தல் வேண்டும் என்னும் முறையும் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. ஆனால் அதற்குச் செலவு மிகுதி என்று பல நிறுவனங்கள் தயங்கின.

1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அயர்லாந்து நாட்டு அர்மா என்னும் ஊரிலிருந்து ஒரு சிறப்பு வண்டி கடற்கரை ஊராகிய வாரன்பாயிண்டை நோக்கிப் புறப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைச் சேர்ந்த சிறுவர் சிறுமியரும் அவர்களுடைய உற்றாரும் அதில் நெருக்கமாக அமர்ந்திருந்தனர். வழியில் செங்குத்தான ஓர் ஏற்றம் இருந்தது. எஞ்சினால் அப்பெருஞ்சுமையை இழுக்க முடியவில்லை. வண்டி ஏற்றத்தின் உச்சியை அணுகிய நிலையில் நின்றுவிட்டது. பணியாளர் வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் கொண்டுபோய் விட்டு, பின்னர் வந்து எஞ்சியதை இழுப்பது எனத் துணிந்தனர். பெட்டிகளைப் பிரித்தவுடன் பின்பகுதி எஞ்சினது பிரேக்கின் ஆட்சியினின்றும் விடுபட்டது. கையால் இயக்கும் பிரேக் ஒன்றும், சக்கரங்களின் அடியில் வைத்த கற்களுமே அதனைத் தாங்கி நின்றன. முன்பகுதி புறப்படுகையில் சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. மக்கள் நிறைந்த பெட்டிகள் சரிவில் உருண்டு ஓடலாயின. கீழே, கால இடைவெளி கழிந்தமையால் விடப்பட்ட அடுத்த வண்டி அதே பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர்.

அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. பயணிகள் செல்லும் பாதைகளில் ஒரு பகுதிக்கு ஒரு வண்டி என்னும் முறையும், பெட்டிகள் பிரிந்தால் தாமே பற்றிக்கொள்ளும் பிரேக்கும், பாதை மாற்றும் கருவியும் கைகாட்டியும் ஒன்றோடொன்று பிணைந்து இயங்கும் ஏற்பாடும் கட்டாயமாயின. கணிப்பொறித் திரையில் ஒரு சிறு சிவப்புப் புள்ளியாகத் தோன்றும் கைகாட்டிக்குப் பின்னே இவ்வளவு வரலாறு உண்டு.

விளையாட்டில் கைகாட்டியைப் பிழைபட நட்டால் உயிர்க்கேடு நேருவது அரிது, தேக்கம் நேரும். ஒற்றைப் பாதையின் நடுவே கைகாட்டி நட்டு, இரு முனையிலிருந்தும் வண்டிகளை விட்டால் அவை ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கும். இதற்கு அது வழிவிட வேண்டும். அதற்கு இது வழிவிட வேண்டும். இரண்டும் நிற்க, அவற்றின் பின்னே வருவனவும் நிற்கும். சுரங்கத்தில் கரி தேங்கும். நிலையத்தின் மதிப்பு வீழும். வண்டியினுள் இருக்கும் சரக்கின் கூலி நாளுக்கு நாள் தேயும். வண்டிகளோ நின்றாலும் ஓடினாலும் பராமரிப்புச் செலவைத் தின்றுகொண்டே இருக்கும். பத்து வண்டிகளால் பெருகிய ஆதாயம் பதினோராவது வண்டியால் அழிதலை ஆடுவோர் பலர் வியப்புடன் காண்பர். வண்டி குறைவு என்று கருதி மேலும் ஒன்று வாங்குவர். நெரிசல் மேலும் இறுகும். குறை வண்டியில் இல்லை, வழியில் இருக்கின்றது. அதனைக் கண்டறிதற்குக் கணக்கேட்டை மட்டும் பார்த்தல் போதாது. பாதையின் ஓரத்தில் நின்று பார்ப்பான் போல, எந்த வண்டி எந்தக் கைகாட்டியில் எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பதை உற்று நோக்குதல் வேண்டும்.

போவதற்கு ஒரு பாதை, வருவதற்கு ஒரு பாதை என இரட்டைப் பாதை இடுதலே இதற்குத் தீர்வு. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டீலக்ஸ்’ என்னும் திருத்திய பதிப்பில் ஒருவழிக் கைகாட்டியும் சேர்க்கப்பட்டது. அதன் வழியே ஒரு திசையில் மட்டுமே செல்லலாம். இச்சிறு மாற்றத்தால் பெரிய பாதைத் தொகுதிகளை அமைத்தல் இயல்வதாயிற்று. ஆயினும் சந்திப்புகளில் சிக்கல் தீர்ந்தபாடில்லை. ஒரு கிளைப்பாதை தலைப்பாதையைச் சேருமிடத்தில் கைகாட்டி நெருங்கி அமைந்து, வண்டியின் நீளத்திற்கு இடமில்லாது போனால், நிற்கும் வண்டியின் வால் சந்திப்பை அடைத்துக்கொள்ளும். வண்டியின் நீளத்தை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப இடம் விட்டே சந்திப்பு அமைத்தல் வேண்டும்.

வண்டிகளுக்கு மூப்பும் உண்டு. ஓட ஓட அவற்றின் நம்பகம் குறையும். வழியில் பழுதாகி நிற்கும். ஒற்றை வண்டி நின்றால் பின்வரும் அனைத்தும் நிற்கும். எனவே உரிய காலத்தில் பணிமனைக்கு அனுப்பிச் செப்பனிடுதல் வேண்டும். ஆயுள் முடிந்ததை விற்றுப் புதியது வாங்குதல் வேண்டும். பண்டைத் தமிழகத்தில் உப்பு ஏற்றிச் சென்ற உமணர், பள்ளமும் மேடும் நிறைந்த வழியில் அச்சு முறிதலும் கூடும் என்று கருதித் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர். இடையில் நேரும் முறிவே பயணத்தின் பெருஞ்செலவு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இக்கணிப்பொறி வணிகனும் அதனைத் தன் பணம் கொடுத்தே அறிகின்றான்.

விபத்துகளும் இல்லாமல் இல்லை. இருப்புப்பாதையைச் சாலை குறுக்கிடும் இடத்தில் பேருந்து புகைவண்டியில் மோதி அழியும். சிறிய வானூர்தி நிலையத்தில் பெரிய விமானத்தை இறக்கினால் ஓடுதளம் போதாது நொறுங்குதலும் நேரும். இத்தகைய செய்திகள் செய்தித்தாளின் முதற்பக்கம் போன்ற வடிவில் திரையில் தோன்றும். ஓர் ஊருக்கு முதன்முதலாக வண்டி வந்து சேர்ந்தால் ஊரார் கூடிக் களித்தனர் என்பதும் அவ்வாறே வெளிவரும்.

ஊரார்க்கு இவ்விளையாட்டில் தனி இடம் உண்டு. நிலையம் கட்ட வேண்டுமாயின் ஊர்மன்றத்தின் இசைவு தேவை. மரங்களை வெட்டியும் வீடுகளை இடித்தும் பாதை இட்ட நிறுவனத்தை மன்றத்தார் வெறுப்பர். அடுத்த முறை இசைவு தர மறுப்பர். மரங்களை நட்டால் சினம் தணிவர். ஊர்ப்புறத்தில் மரக்கன்றுகளை வரிசை வரிசையாக நட்டு, மறுநாளே ஒரு தெருவை இடிக்கும் ஆட்டக்காரர் பலர். கையூட்டுக் கொடுக்கும் வழியும் வைக்கப்பட்டுள்ளது. அது வெளிப்பட்டால் அவ்வூரில் நிறுவனத்தின் பெயர் அடியோடு கெடும். வண்டிகள் ஒழுங்காக வந்து போகும் ஊர் விரைவில் வளரும். சிற்றூராய் இருந்தது ஆடுவோன் கண்முன்னே மாடமாளிகைகள் நிறைந்த நகராகும். ஆக்கியோரின் திறம் இங்கே நன்கு புலப்படுகின்றது. வணிகன் தன் ஆதாயம் கருதியே வண்டி விடுகின்றான். ஆனால் அவ்வண்டியால் வளர்வது ஊர்.

எனினும் இவ்விளையாட்டு காட்டாது மறைப்பனவும் சில உள. தண்டவாளம் ஒரு நொடியில் இடப்படுகின்றது. அதனைச் சுமந்து வந்து இட்ட தோள்கள் தோன்றுவதில்லை. மலை குடையப்படுகின்றது, குடைந்தவர் எவரும் இல்லை. வண்டியோட்டி உண்டு எனக் கொள்ளலாம். அவனுக்குப் பசியும் உறக்கமும் இல்லை. பயணிகளின் நிலை இன்னும் விந்தையானது. அவர்கள் எங்கே செல்ல விரும்புகின்றனர் என்பது முதற் பதிப்பில் கேட்கப்படுவதே இல்லை. எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் இறங்கிப் போவர், தொலைவுக்கேற்பக் கூலியும் தருவர். நிலக்கரிக்கும் மனிதர்க்கும் இவ்வகையில் வேறுபாடு இல்லை. விளையாட்டு எளிதாக ஓடுதற்பொருட்டு இவ்வாறு சுருக்கினர் என்பது வெளிப்படை. ஆயினும் இதனை ஆடி இருப்புப்பாதைத் தொழிலை முற்றும் அறிந்துவிட்டதாக ஒருவர் கருதுவாராயின், அவர் அறிந்தது பாதி என்றே கூற வேண்டும். அர்மாவில் சக்கரத்தின் அடியில் கல் வைத்த கைகள் திரையில் இல்லை.

சாயர் பின்னர் 1999-ஆம் ஆண்டில் கேளிக்கைப் பூங்கா அமைக்கும் விளையாட்டு ஒன்றை ஆக்கி உலகெங்கும் பெயர் பெற்றார். 2004-ஆம் ஆண்டில் ‘லோகோமோஷன்’ என்னும் மற்றொரு போக்குவரத்து விளையாட்டையும் வெளியிட்டார். இதற்குள் கணிப்பொறிகள் பெரிதும் மாறிவிட்டன. பொறிக்கு அணுக்கமான மொழியில் எழுதப்பட்டமை முன்பு பெருமையாய் இருந்தது. அதுவே இப்பொழுது இடராயிற்று. பழைய பொறிக்கென எழுதிய நிரல் புதிய பொறிகளில் செவ்வனே இயங்கவில்லை.

சுவீடன் நாட்டு நிரலாளராகிய லுட்விக் ஸ்டிரிகேயஸ் என்பார் அப்பழைய நிரலைப் பகுத்து ஆராய்ந்து, அது செய்வனவற்றை எல்லாம் செய்யும் புதிய நிரல் ஒன்றைச் சி என்னும் மொழியில் எழுதினார். ‘ஓப்பன் டிடிடி’ என்னும் பெயரால் 2004-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. எவரும் விலையின்றிப் பெறலாம். எவரும் அதன் நிரலைப் படித்துத் திருத்தலாம். முதலில் அதனை ஆடுதற்கு மூல விளையாட்டின் சித்திரங்களும் ஒலிகளும் வேண்டியிருந்தன. பல நாட்டுத் தன்னார்வலர் அவற்றிற்கு ஈடாகத் தாமே வரைந்தும் ஒலி கூட்டியும் தந்தனர். 2010-ஆம் ஆண்டில் முதலாம் பதிப்பு என எண்ணிட்டு வெளிவந்தபோது, மூல விளையாட்டு இல்லாமலே ஆடுதற்கு வேண்டுவன யாவும் அமைந்திருந்தன. நிலத்தின் எல்லையும் பிற்பதிப்புகளில் பக்கத்திற்கு 4096 கட்டங்கள் வரை விரிந்தது. பலர் தத்தம் ஊரிலிருந்தே ஒரே களத்தில் கூடி, 15 நிறுவனங்கள் வரை நடத்தலாம் என்றாயிற்று. பயணிகள் தாம் செல்லும் ஊரைத் தாமே கொண்டிருக்கும் முறையும், வேண்டுவோர் ஏற்றுக்கொள்ளுமாறு பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

கைகாட்டியிலும் ஒரு புதுமை செய்தனர். பழைய கைகாட்டி, பகுதியினுள் வண்டி உண்டா இல்லையா என்பதை மட்டும் நோக்கும்; உண்டெனில் எவரையும் விடாது. புதிய கைகாட்டியோ, வரும் வண்டி எந்தத் தண்டவாளத்தின் வழியே செல்லும் என்பதை முன்னரே கணித்து, அவ்வழியை அதற்கென ஒதுக்கி வைக்கும். மெய்யான இருப்புப்பாதைகளில் கைகாட்டி நிலையத்தார் வழி ஒதுக்குவதும் இதனை ஒத்ததே. அக்கைகாட்டி நட்ட சந்திப்பில், கிழக்கிலிருந்து வரும் கரிவண்டியும் வடக்கிலிருந்து வரும் அஞ்சல் வண்டியும், ஒன்றன் வழியை மற்றொன்று தொடாதவரையில், ஒரே நேரத்தில் அருகருகே கடந்து செல்கின்றன.